எந்தச் சாமி என்று கேட்காதீர்கள்

அன்பின் அண்ணை,

துணுக்காயிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. மகள் கம்பஸில் இரண்டாம் வருடம். முதல் வருடம் லீவு விட்டால் மாங்குளத்தில் இறங்கி மல்லாவிப் பக்கம் பஸ் பிடித்து ஓடி வந்த பிள்ளை இப்போது வருவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் வரவில்லை. மகாபொல புலமைப்பரிசில் காசு யாரோ ஒரு குழுவுக்குப் போகிறது. போன் எடுத்தால் "தியானம் இருக்கு, பிறகு கதைக்கிறன்" என்கிறாள். கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இது எந்த மதக்காரரின் வேலை? மச்சான்மாரையும் ஏற்றிக்கொண்டு ஹயஸ் வானில் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரட்டா?

உங்கள் பெயரும் கம்பஸின் பெயரும் வராமல் பத்திரிகையில் பதில் எழுதச் சொன்னீர்கள், மற்றத் தாய் தகப்பன்மாரும் வாசிக்கட்டும் என்று. அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் ஒரு சொல்லில் பதில்: போகாதீர்கள். காரணம் பிறகு வருகிறது.

முதற் கேள்வியில் நீங்கள் தேடுவது ஒரு மதத்தின் பெயரை. போருக்குப் பிறகு வன்னியில் வீடு வீடாக வந்த சபைகளை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. ஆனால் எங்கள் சனத்தின் பிள்ளைகளை மிக மோசமாகச் சீரழித்த ஆள் திருநீறு பூசியவர். மாத்தளையில் ஆசிரமம் வைத்திருந்த பிரேமானந்தா 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாடு போய், விராலிமலைக்குக் கிட்டப் பெரிய ஆசிரமம் அமைத்தார். இங்கிருந்து போன அநாதைப் பிள்ளைகள் பலர் அங்கே வளர்ந்தார்கள். 1994இல் உள்ளே நடப்பது வெளியே வந்தது. 13 பெண்பிள்ளைகளை வல்லுறவுக்கு உள்ளாக்கியதற்கும், இலங்கையைச் சேர்ந்த ஒரு பொறியியலாளரின் கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2011இல் கைதியாகவே இறந்தார். அதற்குப் பிறகும் பக்தி வற்றவில்லை. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து எங்கள் வடமாகாண முதலமைச்சரான விக்னேஸ்வரன், அதே வழக்கில் தண்டனை பெற்ற சீடர்களை விடுவிக்கும்படி 2014இல் இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். "படிச்ச பிள்ளை எப்பிடி ஏமாந்தாள்?" என்று நீங்கள் எழுதிய வரிக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மற்ற மதங்களிலும் இதே கதைதான். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு பௌத்தமும் யோகமும் கலந்தது. அது 1984இல் டோக்கியோவில் ஒரு சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியது. 1995 மார்ச் 20 அன்று அதன் ஆட்கள் சுரங்க ரயிலுக்குள் சாரின் நச்சைக் கசியவிட்டதில் 14 உயிர் போனது. நச்சைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் இருதய சத்திரசிகிச்சை வைத்தியர். இன்னொருவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவர். கெனிச்சி ஹிரோசே என்பவர் வசேடா பல்கலைக்கழகத்தில் பிரயோக பௌதிகம் படித்தவர். 2018 ஜூலையில் தூக்கிலிடப்படுவதற்கு முன், சிறைக்குள் இருந்தபடி, தான் எப்படி விழுந்தேன் என்று மாணவர்களுக்காக அவர் நீளமாக எழுதினார். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி பள்ளிக்கூட நாளிலேயே அவரைப் பிடித்திருந்தது. குருவின் புத்தகங்களை வாசித்தார். உடம்புக்குள் ஏதோ எழும்புவதுபோல ஓர் அனுபவம் வந்தது. மூச்சை அடக்கி, பட்டினி கிடந்து, நித்திரையும் கொள்ளாமல் இருந்தால் ஒளியும் அதிர்வும் யாருக்கும் வரலாம். வந்த அனுபவம் பொய்யில்லை. அதைக் குருவின் சக்தி என்று நம்பவைத்த இடத்தில்தான் அந்த விஞ்ஞானி பிடிபட்டார்.

தென்கொரியாவில் 1954இல் சன் மியுங் மூன் தொடங்கிய சபை கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்தது. 2023 டிசம்பர் கடைசியில் ஹோமாகமவில் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு போதகர் பேசியது பௌத்தம். சில நாட்களுக்குள் அவருடைய குடும்பமும் அவர் பேச்சைக் கேட்டு வந்த சிலருமாக மொத்தம் 7 பேர் இறந்ததைத் தென்னிலங்கைப் பொலிஸ் விசாரித்தது. எல்லாச் சமயத்துக்கும் இப்படி ஒரு நிழல் இருக்கிறது. ஆகவே எந்தச் சாமி என்று கேட்பதை விட்டு, அவள் விரும்பினால் வெளியே வர முடியுமா என்று பாருங்கள்.

அவள் எப்படிப் போயிருப்பாள்? நான் ஊகிப்பது இது. பின்தங்கிய மாவட்டத்திலிருந்து, தமிழ் மொழியில் உயர்தரம் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் விரிவுரை நடக்கிற மண்டபத்துக்குள் போகிறாள். பாதி விளங்காது. எழும்பிக் கேட்கவும் வெட்கம். வெளியில் வந்தால் பகிடிவதை. 1998இல் அதற்கெதிராகச் சட்டம் போட்டும் அது ஒழியவில்லை. அந்த முதல் கிழமைகளில் ஓர் அக்கா வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். இலவசமாக ஆங்கில வகுப்பு இருக்கிறது என்கிறாள், சோதனைக்கு முன் குப்பி வகுப்பு எடுத்துப் பாடம் விளங்கப்படுத்துகிறாள். கடவுளின் பெயரோ குருவின் பெயரோ இன்னும் வாயில் வரவில்லை. உங்கள் மகள் அப்போது ஒரு மதத்தில் சேரவில்லை, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆளோடு சேர்ந்தாள். அந்த அக்காவும் வேஷக்காரியாக இருக்கத் தேவையில்லை. அவளையும் ஒருநாள் இன்னொருத்தி இப்படித்தான் கூட்டிப் போயிருப்பாள்.

இப்படிப் பிடிப்பது புதிதில்லை. மூன் சபையின் மாணவர் பிரிவு ஜப்பானியக் கல்லூரிகளில் ஆராய்ச்சி வட்டம் என்று நடந்தது. 1970களில் கலிபோர்னியாவில் அதே சபை இளைஞர்களை முதலில் இராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது, பிறகு வார இறுதிக்குத் தூரத்துப் பண்ணைக்குக் கூட்டிப் போனது. அங்கே பாட்டு, விளையாட்டு, விரிவுரை, அணைப்பு, ஒரு நிமிடமும் தனிமை இல்லை. யாருடைய சபை என்பது பலருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. பெயரை மறைக்கிற இந்த வேலை எனக்கு மிகக் கேவலமாகப் படுகிறது. எங்கள் ஊரில் சபைக்காரர் வாசலில் நின்று "நாங்கள் இன்ன சபை" என்று சொல்லிவிட்டுத்தான் துண்டுப்பிரசுரம் நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் போய்விடுகிறார்கள். அதில் ஒரு நேர்மை உண்டு.

சேர்ந்த பிறகு முதலில் போவது நேரம். விடியப் பிரார்த்தனை, பின்னேரம் வகுப்பு, இரவு கூட்டம், சனி ஞாயிறு புதிய மாணவரைப் பிடிக்கும் வேலை. நித்திரை குறைந்தால் யோசிக்கிற பலமும் குறையும். அடுத்தது இரகசியம். 1980களில் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவிய பொஸ்டன் சபை போன்றவற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. செய்த பிழை, நினைத்த பிழை, விரும்பிய பையன் எல்லாம் அவருக்குச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லிவிட்ட பிள்ளை கோபித்துக்கொண்டு எழும்பி வருவது எளிதா? பல கல்லூரிகள் அந்தச் சபையை வளாகத்துக்குள் விடாமல் தடுத்தன. அதற்குப் பிறகு காசு. கடைசியில் வீடு: தாய் தகப்பன் பாதையில் நிற்கிற தடை என்று சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் கத்தினால், "பார், நாங்கள் சொன்னபடியே நடக்குது" என்பார்கள்.

அதனால்தான் வான் வேண்டாம் என்கிறேன். வன்னியில் பிள்ளை வீட்டை விட்டுப் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பயம்தான் உங்களை வான் பிடிக்கச் சொல்கிறது. ஜப்பானில் ஒரு குடும்பம் மூன் சபையில் இருந்த தங்கள் மகனை மனம் மாற்றுவதற்காக 1995 முதல் 2008 வரை, 12 வருடத்துக்கு மேல் அடைத்துவைத்தது. அவர் மாறவில்லை. வெளியே வந்து வழக்குப் போட்டார், 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குடும்பம் நட்டஈடு கட்டவேண்டும் என்றதை உறுதிசெய்தது. சட்டமும் உங்கள் பக்கம் வராது. கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஈஷா யோகா மையத்தில் இருக்கும் தன் இரண்டு மகள்மாருக்காக ஆட்கொணர்வு வழக்குப் போட்டார். வயது வந்த அவர்கள் சொந்த விருப்பத்தில் இருப்பதாகச் சொன்னதால் 2024 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அந்தத் தகப்பனின் வேதனை எனக்கு விளங்குகிறது. தீர்ப்பும் சரி என்றே நினைக்கிறேன். வளர்ந்த பிள்ளையின் மனதை நீதிபதி திறந்து பார்க்க முடியாது.

ஆறுதலான விஷயம் ஒன்று. ஐலீன் பார்க்கர் என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் மூன் சபையின் இலண்டன் பட்டறைகளுக்கு 1979இல் போன ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கவனித்து 1984இல் ஒரு நூல் எழுதினார். பத்தில் ஒன்பது பேர் சேரவேயில்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலானோர் இரண்டு வருடத்துக்குள் தாங்களே வெளியேறிவிட்டார்கள். மந்திரம் போட்டு மூளையைக் கட்டுகிறார்கள் என்ற கதை அவ்வளவு உண்மையில்லை. பிள்ளைகள் களைக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், திரும்பிவரப் பார்க்கிறார்கள்.

ஆகவே போன் எடுங்கள், குழுவைத் திட்டாமல் கதையுங்கள். பெரும்போகம் எப்படி, குளத்தில் எவ்வளவு தண்ணி, தம்பிக்கு என்ன மார்க்ஸ் என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக் காசை வெட்டாதீர்கள். காசை நிறுத்தினால் அவள் முழுக்க அவர்களை நம்பியே இருக்கவேண்டி வரும். தொகை கொஞ்சம் கூடட்டும், கட்டாயம் அவளுடைய கையில் போகட்டும். காணி உறுதியோ பெரிய தொகையோ கேட்டால் மட்டும் மறுங்கள், கோபம் இல்லாமல். நல்ல மனநிலையில் இருக்கிற ஒரு நாளில் கேளுங்கள்: உங்கட குழுவுக்கு என்ன பெயர், ஆர் நடத்துகினம், சேர்ந்த காசுக்கு ஆர் கணக்குக் காட்டுகினம், ஒரு மாதம் வராமல் விட்டால் என்ன சொல்லுவினம். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவளே தேடட்டும். அவளுடைய பழைய பட்ச் சிநேகிதி யாரையாவது தெரிந்தால், அந்தத் தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பீடத்தில் மாணவ ஆலோசகர் இருப்பார், அவரிடம் நீங்கள் தனியே ஒருமுறை கதைக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். உலகம் முடியப் போகிறது, இந்த உடம்பு வேண்டாம், சாவதுதான் விடுதலை என்கிற மாதிரி அவள் கதைத்தால், அல்லது படிப்பை விட்டு ஊர் பெயர் சொல்லாத இடத்துக்குப் போகிறேன் என்றால், அன்றே 1926க்கு அடியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம். அப்படி ஒரு நாள் வந்தால் நான் மேலே எழுதிய "போகாதீர்கள்" செல்லாது. தாயையும் கூட்டிக்கொண்டு நேரே போய் அவள் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்திரிகைத் தம்பி