பொழுதுபோக்கு மீன்பிடியும் மஃரிபு நேரமும்

அல்லாஹுத்தஆலா சூரத்துல் மாயிதாவின் 96-ஆவது வசனத்தில் கடல் வேட்டையை நமக்கு ஹலாலாக்கி வைத்திருக்கிறான். இஹ்ராம் கட்டியவர் தரையில் ஒரு முயலைப் பிடிப்பதும் கூடாது. கடலில் மீன் பிடிப்பதற்கோ அந்நிலையிலும் தடையில்லை. மீனை அறுக்க வேண்டியதில்லை. பிடித்தவர் எந்த மதத்தவர் என்ற கேள்வியும் இல்லை. ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு ஸஹாபாக்கள், பசியால் மரத்தின் இலைகளை உதிர்த்துத் தின்றிருந்த வேளையில், கடல் ஒதுக்கிய ‘அன்பர்’ என்னும் பெருமீனை உண்ட செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் மிச்சம் கொண்டுவரப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் உண்டார்கள். இவ்வளவு விசாலமாகத் திறந்துவிடப்பட்ட வாசலாக இருப்பதாலேயே, மீன்பிடியில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று நம்மவரில் பலர் எண்ணிவிடுகிறார்கள்.

வலை வீசிப் பிழைப்பவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்கள் நிலை வேறு. அவர்களுடைய சிரமமும் வேறு. ஓய்வு நாளில் தங்கூசி நரம்பும் ஈயக்குண்டும் முள்ளும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகும் சகோதரர்களுக்காகவே இந்தப் பாடம்.

பாம்பன் தீவை எடுத்துக்கொள்வோம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளோர் வடகடலைப் பெண் கடல் என்றும், தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். ஆகவே பெரும்பாலான நாட்களில் ஏதேனும் ஒரு கரையில் தூண்டில் போட இடம் கிடைத்துவிடும். ஆனால் மீன் எந்நேரமும் இரை எடுப்பதில்லை. உச்சி வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் நரம்பு அசையாது. நீரோட்டம் திரும்பும்போதும், வெளிச்சம் மங்கும்போதும்தான் சிறு மீன்கள் கரையோரம் கூடும். அவற்றைத் துரத்திக்கொண்டு பாறையும் ஊளியும் வரும். அந்திக் கருக்கலும் விடியற் கருக்கலுமே தூண்டில்காரனுக்குப் பொன்னான நேரம்.

அவ்விரண்டும் எந்த நேரம் என்று பாருங்கள்! ஒன்று மஃரிபு, மற்றது சுபுஹு. நம் பகுதியில் மஃரிபின் வக்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரந்தான். ‘இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன்’ என்று இருப்பவருக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். லுஹரைத் தவறவிடாத மனிதர், கூடை நிறைந்து மஃரிபைக் கழாவாக்கிவிட்டு வீடு திரும்புவது எத்தனை பரிதாபம்! பிழைப்புக்காகப் போனவரும் தொழுகையை விட முடியாது என்றிருக்க, விளையாட்டுக்காகப் போனவர் என்ன காரணம் சொல்வார்?

சூரத்துல் அஃராஃபின் 163-ஆவது வசனத்தில் கடலோர ஊர் ஒன்றின் வரலாறு வருகிறது. பனூ இஸ்ராயீல்களுக்குச் சனிக்கிழமை வேட்டை தடுக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் மீன்கள் நீர்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. அல்லாஹ் அவர்களைச் சோதித்தான் என்று வசனமே கூறுகிறது. நமக்கு எந்த நாளிலும் வேட்டை தடுக்கப்படவில்லை என்பது உண்மைதான். ஆயினும் மீன் வரும் நேரமும் வணக்கத்தின் நேரமும் ஒன்றாக அமைவதைக் காணும்போது அந்த ஊர் நினைவுக்கு வராமல் இருக்குமா?

அஸ்தமனம் ஆனதும் தூண்டிலைச் சுருட்டி மேலே எடுத்துவிடுங்கள். நீரில் விட்டுவிட்டுப் போனால் மீன் முள்ளில் கிடந்து துடிக்கும். நம் மனமும் ஸஜ்தாவில் நில்லாமல் நரம்பிலேயே நிற்கும். ஒளுவுக்குத் தண்ணீர் இல்லை என்பது சாக்காகாது. கடல் பயணம் செய்யும் ஒருவர், கொண்டுபோகும் சொற்பத் தண்ணீரில் ஒளுச் செய்தால் தாகத்தால் தவிப்போமே என்று கேட்டபோது, கடல்நீர் சுத்தமாக்கக்கூடியது, அதில் செத்ததும் ஹலால் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஆனால் கையில் மீன் செதிலோ தோலோ ஒட்டிக் காய்ந்திருந்தால் அதனடியில் நீர் சேராது, ஒளுவும் கூடாது. சுரண்டிவிட்டுக் கழுவ வேண்டும். மீன் இரத்தம் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் அப்படியல்ல. ஷாஃபிஈகள் மாற்றுக் கைலி ஒன்று வைத்திருப்பது நல்லது. கிப்லா அங்கே நேர் மேற்கல்ல, வடக்கே சற்றுச் சாய்ந்தது. படகிலிருந்தால், முடிந்தவர் நின்றே பர்ளைத் தொழ வேண்டும்; படகு திரும்பினால் தாமும் கிப்லாவுக்குத் திரும்ப வேண்டும்.

கிடைத்ததில் எது ஆகும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தானாகச் செத்து மிதக்கும் மீன் ஷாஃபிஈகளுக்கு ஆகும், ஹனஃபிகளுக்கு ஆகாது. நண்டு இரு மத்ஹபிலும் கூடாது. கணவாய் ஹனஃபிகளுக்கு இல்லை. இறாலில் அவர்களுடைய உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் எத்தனை பெரிதாயிருந்தாலும் தூர எறியுங்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது; உயிரைக் கெடுப்பதை உண்பது ஹராம். தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 சிறு தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை. அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். சிக்கினால் விட்டுவிட வேண்டியதுதான்.

இரை விஷயத்திலும் கவனம் வேண்டும். செத்த இறால் துண்டு இருக்கும்போது உயிருள்ள புழுவையும் குஞ்சு மீனையும் முள்ளில் கோப்பது வீண் வதை. பிடித்துப் படம் எடுத்துவிட்டு, வாய் கிழிந்த மீனைத் திரும்பக் கடலில் எறிந்து களிப்பதும் எனக்கு வேட்டையாகத் தோன்றவில்லை. உண்ணவோ கொடுக்கவோ நாட்டமில்லாதவர் முள் போடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே! கொல்லும்போதும் அழகிய முறையில் கொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஆகவேதான் நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில், சிறிய மீனை அறுப்பது மக்ரூஹ் என்றும், கரையேறியபின் வெகுநேரம் உயிரோடிருக்கும் பெரிய மீனை, அதன் வேதனை தீர, அறுத்துவிடுவது சுன்னத் என்றும் எழுதியிருக்கிறார்கள்.