குழந்தைச் சட்டையில் சைட் இன்கம்: கிடைக்கும் அரை மணி நேரங்கள்தான் உங்கள் முதலீடு

ஆரி வொர்க் தெரிந்தவர்கள் இன்று தெருவுக்கு நாலு பேர். சட்டையில் பெயர் போட்டுத் தர கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடைக்குச் சில நிமிடங்கள் போதும். வேலையும் பிள்ளைகளுமாக ஓடும் அம்மாவோ அப்பாவோ இந்தப் போட்டியில் நிற்கலாம், எங்கே நிற்பது என்று தெரிந்தால்.

1. மெஷினுக்குக் கட்டுப்படியாகாததை விற்பனை செய்யுங்கள். குழந்தை கிரேயானில் கிறுக்கிய யானையை அப்படியே சட்டையில் நூலால் கொண்டுவருவது நல்ல பிராடக்ட். ஒரே ஒரு பீஸுக்காக அந்தப் படத்தை டிஜிட்டைஸ் செய்ய மெஷின் கடை யோசிக்கும். கார்ட்டூன் கேரக்டர்கள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றுக்குக் காப்பிரைட் உண்டு, அனுமதியில்லாமல் விற்பது சட்டச் சிக்கல்.

2. சட்டையைத் தைக்காதீர்கள், வாங்குங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் பிளெய்ன் பனியன் டி-ஷர்ட்கள் மொத்த விலைக்குக் கிடைக்கும். வாங்கியதும் ஒருமுறை துவைத்துவிடுங்கள். காட்டன் சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். பனியன் துணி இழுபடும் என்பதால் அடியில் தாங்குதுணி (பேக்கிங்) வைக்காமல் ஊசி போடக் கூடாது.

3. வேலையைப் பாதியில் விடக்கூடியது, கூடாதது என்று பிரியுங்கள். இதுதான் நேரமில்லாதவர்களின் உண்மையான ஸ்கில். ட்ரேஸ் எடுப்பது, வெட்டுவது, அயர்ன் செய்வது எல்லாம் ஞாயிறு காலை ஒரே மூச்சில். பெயின்ட், பசை வேலைகள் பிள்ளைகள் தூங்கிய பிறகு. கைத்தையல் மட்டும் எங்கேயும் கூட வரும்: ரயிலில் நாலு இலை, டியூஷன் வாசலில் ஒரு பூ. வேலை நின்றதும் துணியை எம்ப்ராய்டரி வளையத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டத் தடம் பதிந்துவிடும்.

4. ஃபினிஷிங்கில் கண்டிப்பு வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் சட்டையில் மணி, சமிக்கி, கல் எதுவும் கூடாது. பிய்ந்து வாய்க்குப் போனால் தொண்டையில் அடைக்கும். கஸ்டமர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். மணிக்குப் பதில் ஃபிரெஞ்ச் நாட் போடலாம், பார்க்க அதே எடுப்புதான். ஆறு இழை நூலில் இரண்டோ மூன்றோ போதும், முழுதாகப் போட்டால் முரடாகும். தையலின் பின்பக்கம் குழந்தையின் தோலில் உரசும். அங்கே மெல்லிய ஒட்டுத்துணியை அயர்ன் செய்து மூடுங்கள். விவரமான தாய்மார்கள் சட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் தருவார்கள்.

5. கூடவே கார்டு. ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் ஏ6 கார்டு தயார். 250 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டை நன்றாக நிற்கும். மடிப்புக் கோட்டை முதலில் மொட்டை முனையால் அழுத்தி இழுத்துக்கொள்ளுங்கள். அட்டை வாங்கச் சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது. சட்டையில் உள்ள அதே யானை கார்டிலும் இருந்தால் அது பர்த்டே காம்போ. தனித்தனியாக விற்பதைவிட லாபம்.

6. விலையில் கூச்சம் வேண்டாம். உதாரணத்துக்கு டி-ஷர்ட் 120, நூலும் தாங்குதுணியும் 30, கார்டும் கவரும் 30, மணிக்கு 100 வீதம் இரண்டரை மணி நேர உழைப்பு 250. அடக்கமே 430 ரூபாய். 20 சதவீத லாபம் சேர்த்தால் 516. கூரியர் தனி. "சொந்தக்காரங்கதானே, பார்த்துப் போடு" என்பார்கள். முதல் சட்டைக்கு 250 வாங்கினால் ஊர் முழுக்க அதுதான் உங்கள் ரேட். குறைக்காமல் முடியாது என்றால் கார்டை இலவசமாகக் கொடுங்கள், சட்டை விலையைத் தொடாதீர்கள்.

7. ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ, வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக், பாதிப் பணம் அட்வான்ஸ், எழுத்தில் டெலிவரி தேதி. பிறந்தநாள் முடிந்து போய்ச் சேரும் சட்டைக்கு மதிப்பில்லை. தீபாவளி ஆர்டர்களை முன்கூட்டியே மூடிவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், ஏஜென்ட்டுக்குப் பணம் அழ வேண்டாம். சம்பள வேலையில் இருப்பவர்கள் கேட்டலாக் போடும் முன் தங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படியுங்கள். வெளிவேலை கூடாது என்ற ஷரத்து இருந்தால் ஹெச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.