வீட்டிலிருந்து தொடங்கு: ஆவணம் எழுதப் புகும் இளைஞனுக்கு ஒரு கடிதம்

தம்பிக்கு,

ராஜபாளையத்திலிருந்து நீ எழுதிய கடிதமும், அதனோடு வைத்திருந்த கேள்விப் படிவமும் கிடைத்தன. போர்க்காலத்தில் விமானக் குண்டு விழுந்து வீட்டோடு மாண்டுபோனவர்களைப் பற்றி, மொட்டமலை முகாமில் வசிக்கும் ஈழத்துக் குடும்பங்களிடம் கேட்டு எழுதப் போவதாகவும், அதற்கு அனுமதி வேண்டி மனுச் செய்திருப்பதாகவும் தெரிவித்திருக்கிறாய். சந்தோஷம். படிவத்தை நிதானமாகப் படித்தேன். அதன் முதற்கட்டத்தில் ‘இறந்தவர்களின் எண்ணிக்கை’ என்று அச்சிட்டிருக்கிறாய். அந்தக் கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடு என்பதுதான் நான் சொல்ல வந்த புத்திமதியில் பெரும்பகுதி. மற்றவையெல்லாம் அதற்குரிய காரணங்களே.

சம்பவம் நடந்த அன்று பிறக்கிற எண் ஒருபோதும் நிலைப்பதில்லை. 1995 ஜூலை 9-ஆம் தேதி, ‘முன்னேறிப் பாய்தல்’ என்று பெயரிட்ட இலங்கை இராணுவ நடவடிக்கையின் தொடக்க நாளில், யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒதுங்கியிருந்த ஜனங்கள்மீது குண்டு விழுந்தது. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் வெளியிட்ட எண் 65. இடிபாடுகளை அகற்றி, பின்னர் மாண்டவர்களையும் சேர்த்து எழுதியபோது அது 120-ஐத் தாண்டியது. வன்னியில் செஞ்சோலை என்ற சிறுமியர் இல்லத்தில் இதற்கு நேர் மாறாக நடந்தது. 2006 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அந்த வளாகத்தில் பயிற்சிக்காகக் கூடியிருந்த பள்ளி மாணவிகள் குண்டுவீச்சில் கொல்லப்பட்டபோது, அன்றே உலகெங்கும் பரவிய எண் 61. பெயர், வயது, பள்ளிக்கூடம் என்று வரிசையாக எழுதிச் சேர்த்த பட்டியல்களில் தொகை அதைவிடக் குறைவாகவே வந்தது. ஆயினும் இன்றும் மேடையில் ஏறுகிறவர்கள் 61 என்றே சொல்லுகிறார்கள். அதனால் நேர்ந்த நஷ்டம் என்னவென்றால், குண்டு போட்டவர்களின் வக்கீலுக்கு எண்ணில் மிகையாக நின்ற சிலரைப் பற்றி வாதாடி, உண்மையில் மாண்ட பெண் குழந்தைகளைப் பற்றிப் பேசாமலே தப்பித்துக்கொள்ளும் சௌகரியம் கிடைத்துவிட்டது.

பாஸ்னியாவில் யுத்தம் முடிந்து வெகுகாலம் வரை இரண்டு லட்சம் பேர் மாண்டார்கள் என்பதே யாவரும் சொல்லி வந்த கணக்கு. சரயேவோ நகரத்து ஆவண நிலையமொன்று, மிர்சாத் தொக்காச்சா என்பவரின் தலைமையில், ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பெயர்களைத் திரட்டி வெளியிட்ட மரித்தோர் புத்தகத்தில் இருந்தவை 95,940 பெயர்கள். எண்ணைப் பாதியாக்கிவிட்டார் என்று சொந்த ஜனங்களே அவரைத் தூற்றினார்கள். ஆனால் இரண்டு லட்சத்தை மறுக்க ஒரு வாக்கியம் போதும்; 95,940 பெயர்களை மறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று மறுக்க வேண்டும்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லுவதாக எடுத்துக்கொள்ளாதே. 2011 ஜனவரி 8-ஆம் தேதி மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, இலங்கை அரசாங்கம் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிக் கணக்குக் காட்டிய 429,059 பேரில், அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்த 282,380 பேரைக் கழித்து, மீதி 146,679 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். சர்க்காரின் சொந்த ஏடுகளைக் கொண்டே சர்க்காரைக் கேட்ட அந்தக் கழித்தல் கணக்கின் சாமர்த்தியத்தை நான் வியக்கிறேன். அதை ‘இறந்தவர் 146,679’ என்று மாற்றிச் சொல்லுகிறவர்களுக்கு ஆயர் கேட்ட கேள்வி புரியவில்லை என்றுதான் அபிப்பிராயப்படுகிறேன். கேள்வியாக இருக்கும்வரை அதற்குப் பதில் சொல்லும் பாரம் எதிராளிமேல் இருந்தது. விடையாக்கிய கணமே நிரூபிக்கும் பாரம் நம்மேல் வந்து விழுந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு வீட்டில் குண்டு விழுந்ததென்று சொல்லுகிற மனுஷியிடம், அந்த வீடு எந்தத் திசை பார்த்தது, கல்வீடா மண்வீடா, கூரை ஓடா கிடுகா, பங்கர் என்கிற பதுங்குகுழி எங்கே வெட்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்கி, அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார், அவர்களில் அந்த வீட்டுக்கே உரியவர் எவர், வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து ஒண்ட வந்தவர் எவர், எந்த நாழிகையில் யார் எங்கே நின்றார் என்பதையெல்லாம், அவளாக நிறுத்தும்வரை குறுக்கிடாமல் கேட்டு எழுது. பங்கர் இருந்தும் ஏன் வீட்டுக்குள் இருந்தார்கள் என்பதைக் கட்டாயம் கேள். மாரி மழையில் பங்கருக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். பாயோடு கிடந்த அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்க முடிந்திராது. விமானம் ஒரு சுற்றுப் போய்விட்டதென்று நம்பி உலையிறக்க உள்ளே போயிருப்பார்கள். ‘பொதுமக்கள்’ என்று அறிக்கைகளில் வருகிற சொல்லுக்கு உயிர் தருவன இத்தகைய காரணங்களே.

இந்த வேலையில் மிகவும் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தில் இருவர் மாண்டு மூவர் மிஞ்சினால் அந்த மூவர் சாட்சி சொல்லுவார்கள்; ஐவரும் மாண்டால் சொல்ல யாருமில்லை. ஆகவே கொடுமை எங்கே பூரணமாக நடந்ததோ அங்கேதான் பதிவு சூனியமாக இருக்கிறது. இலங்கையின் புள்ளிவிவரத் திணைக்களம் 2011-இல் வடமாகாணத்தில் வீட்டுக்கு வீடு போய் எடுத்த மரணக் கணக்கைப் பற்றி எத்தனையோ ஆட்சேபங்கள் உண்டு. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, கதவைத் திறக்க ஆளில்லாத வீட்டில் அந்தக் கணக்காளர் யாரிடம் கேட்டிருப்பார் என்பதே. நீ கேட்கும் ஒவ்வொருவரிடமும், தம் உறவினரைப் பற்றிச் சொல்லி முடித்தபின், “உங்கள் ஒழுங்கையில் ஒருவரும் மிஞ்சாத வீடு எது?” என்று தனியாக ஒரு கேள்வி கேள். பிறகு அந்த வீட்டைப் பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டிலும், தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகத்திலும், கிராம அலுவலரான விதானையாரிடம் இருந்த குடும்ப அட்டைப் பட்டியலிலும், கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டியால் துழாவுவதுபோலப் பொறுமையாகத் தேட வேண்டும். இங்கிருந்து உன்னால் ஆகாதது மன்னாரிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவரால் ஆகலாம். அவருக்கு நீ தர வேண்டியது ஒழுங்கையின் பெயரும் வீட்டின் இருப்பிடமும். ஒரு பதிவேடு மிஞ்சியிருப்பதன் பலனைப் பார்: காஸாவில் 2023 அக்டோபரில், அமெரிக்க ஜனாதிபதி மரண எண்ணிக்கையில் தமக்கு நம்பிக்கையில்லை என்று சொன்ன மறுநாளே, அங்குள்ள சுகாதார அமைச்சு 6,747 பெயர்களை அடையாள எண்களோடு வெளியிட முடிந்ததென்றால், அதற்குக் காரணம் குடிமக்கள் பதிவேடு உயிரோடு இருந்ததுதான்.

நீ எழுதப்போகும் சாட்சியங்களில் பல 1990-ஐச் சேர்ந்தவையாக இருக்கும். அந்த வருஷம் மூண்ட போரில் படகேறி மண்டபம் வழியாக வந்தவர்கள் நம் முகாம்களில் ஏராளம். அவர்களில் ஒருவர் 1990-இல் தம் வீட்டின்மேல் ‘கிபீர்’ குண்டு போட்டது என்று சொல்லக்கூடும். கிபீர் விமானங்கள் இலங்கை விமானப்படைக்கு வந்ததே 1996-ஐ ஒட்டித்தான். 1990-இல் யாழ்ப்பாணத்து வானில் பறந்தவை சியாமாசெட்டி என்ற சிறு விமானங்களும், ஹெலிகளும், பீப்பாயில் வெடிமருந்து நிரப்பி உருட்டிவிட்ட சரக்கு விமானங்களுமே. இதைக் கொண்டு அவரைப் பொய்யரென்று தள்ளிவிடாதே; பின்னால் கேட்டறிந்த பெயர் முன்னால் கண்ட காட்சியின்மேல் ஏறிக்கொள்ளுவது மனித ஞாபகத்தின் இயல்பு. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் உன் குறிப்பை வேறு மையில் எழுது. தலைக்குமேல் சுற்றியது எதுவென்பதில் தவறக்கூடிய அதே சாட்சி, அன்று அடுப்பில் என்ன இருந்தது என்பதில் தவறுவது அபூர்வம். பிரத்தியட்சமும் அனுமானமும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுவதுதான் உன் கைத்தொழில்.

உறவுமுறையில் ஜாக்கிரதை வேண்டும். நீ ராஜபாளையத்துப் பிள்ளை; முகாமில் இருப்பவர்களின் பேச்சு வழக்கு வேறு. அவர்கள் தம்பியின் மகளைப் பெறாமகள் என்பார்கள், பேச்சு வேகத்தில் மகள் என்றும் சொல்லிவிடுவார்கள். அதே குழந்தையைச் சொந்தத் தாய் வேறோர் இடத்தில் வீட்டுப் பெயரால் அழைத்துச் சாட்சி சொல்லியிருப்பாள். கவனியாவிட்டால் ஒரு குழந்தை உன் ஏட்டில் இரண்டு முறை இறந்துபோகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வம்சாவளி வரைந்துகொண்டு, பதிவுப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர் மூன்றையும் அதில் எழுது.

ஒளிக்காமல் எழுத வேண்டியவற்றை ஒளிக்காதே. 2007 ஜனவரி 2-ஆம் தேதி மன்னார் இலுப்பைக்கடவைக்கு அருகே படகுத்துறையில், இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் குடியிருந்த கொட்டில்கள்மேல் குண்டு விழுந்து குழந்தைகள் உட்படச் சுமார் 15 பேர் மாண்டபோது, அது கடற்புலிகளின் தளம் என்று அரசாங்கம் சொன்னது. நேரில் போய்ப் பார்த்த ஆயர், இவர்கள் சாதாரணக் குடிஜனங்கள் என்று அறிவித்தார். ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் இந்த வாதம் வரும். ஆகையால் அருகில் காவலரண் இருந்ததா, எவ்வளவு தூரத்தில், அந்த வீட்டுப் பிள்ளை எவனாவது இயக்கத்தில் இருந்தானா என்பதையெல்லாம் நீயே கேட்டு எழுதிவிடு. சுவரில் மாவீரன் படம் மாட்டியிருந்ததை நீ மறைத்து, அதை இன்னொருவன் கண்டுபிடித்தால், நீ எழுதிய உண்மைகளும் அதோடு போய்விடும். மகன் இயக்கத்தில் இருந்ததனால் அடுப்படியில் நின்ற தாய் இராணுவ இலக்காகிவிட மாட்டாள். ஒரு குடியிருப்பு இராணுவக் காரியத்துக்குப் பயன்பட்டதா என்று ஐயம் எழுந்தால் பயன்படவில்லையென்றே கொள்ள வேண்டுமென்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை விதிக்கிறது. அதில் இலங்கையும் சேரவில்லை, நம் இந்தியாவும் சேரவில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

நம் தேசத்தைப் பற்றிச் சொல்லும்போது உன் பேனா தயங்கக் கூடாது. 1987 ஜூன் 4-ஆம் தேதி யாழ்ப்பாணத்தின்மேல் பறந்து நிவாரணப் பொருள்களைப் போட்டவை நம் விமானங்கள். அதே வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் சுட்டது நம் படை. அதற்கு இருபத்தோராண்டு முன்னர், 1966 மார்ச்சில், மிஸோ மலையில் நம் பிரஜைகள் வாழ்ந்த ஐஸ்வால் நகரத்தின்மேல் நம் விமானப்படையே குண்டு போட்டிருக்கிறது. முகாமில் ஒருவர் இந்திய இராணுவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினால், தொடர்ந்து சொல்லும்படி நீதான் கேட்க வேண்டும்.

எல்லாத் தரப்பையும் எழுதியவர்களுக்கு நேர்ந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ‘முறிந்த பனை’ நூலாசிரியர் நால்வரில் ஒருவரான டாக்டர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி, பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளிநொச்சியில் வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்து படுகொலைகளைத் தொகுத்து வந்த அருட்தந்தை கருணாரத்தினம் 2008 ஏப்ரல் 20-ஆம் தேதி கண்ணிவெடிக்கு இரையானார். முன்னவர் கொலைக்குப் புலிகளும் பின்னவர் கொலைக்கு அரசாங்கப் படையின் ஊடுருவல் அணியும் பொறுப்பென்று பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. இவர்களுடைய தைரியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட உன்னிடமும் என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நாம் செய்ய வேண்டியது சாட்சி சொன்னவரின் பாதுகாப்பைக் கவனிப்பது மட்டுமே. இறந்தவரின் பெயரை முழுதாக எழுது. சொன்னவருக்கு ஒரு குறியீடு கொடு. அந்தக் குறியீட்டின் திறவுகோலை வேறு நோட்டில், வேறு வீட்டில் வை. அவர்களுடைய உடன்பிறந்தார் இன்னும் அங்கே வாழ்கிறார்கள்.

தீபாவளியை ஒட்டிய வாரங்களில் முகாமுக்குப் போகாதே. சிவகாசிச் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் சத்தமும் சிறுவர்கள் கொளுத்தும் சத்தமும் நமக்குக் காதில் விழுவதுகூட இல்லை. குண்டுச் சத்தம் கேட்டு வாழ்ந்த ஒருவரை அந்தச் சத்தத்தினிடையே உட்காரவைத்துப் பழையதைக் கிளறுவது இம்சை.

அனுமதி வரச் சில மாதம் ஆகலாம். அதுவரை சும்மா இராதே. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து நினைவிருக்கிறதல்லவா? அன்று மாண்டவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடி கேட்டு, உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள். ஆலையின் ஆள்கணக்கில் அவர்கள் பெயர் எப்படி இருக்கும்? பஸ் ஏறி அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போ. விரும்பிப் பேசுகிற ஒரு குடும்பம் கிடைத்தால், ஒரே ஒரு வீட்டை மட்டும் நான் சொன்ன முறைப்படி வம்சாவளியோடு எழுதிப் பழகு. எழுதியதைத் தபாலில் அனுப்பு. போனில் படமெடுத்து அனுப்பினால் என் கண்ணுக்கு எழுத்துத் தெரிவதில்லை. திருத்தங்களைச் சிவப்பு மையில் குறித்து ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் பெரியவன்