வேட்டைக் குண்டு: எடையா, வேகமா, உலோகமா?

மாணவர்களே, கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்திக்குப் போனால் பழைய பீரங்கிகளைக் காணலாம். அக்காலப் பீரங்கிகள் உருண்டையான இரும்புக் குண்டுகளைச் சுட்டன. இன்றைய வேட்டை ரைபிளின் குண்டோ நீண்டு, முனை கூர்ந்திருக்கிறது. இந்த மாற்றத்துக்குள் ஒரு இயற்பியல் பாடமே இருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டுமே. சில நாடுகளில் வேட்டைக்காரர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். எந்தக் குண்டு என்பதே அவர்களுக்கு முன் நிற்கும் பெரிய கேள்வி.

எடையும் வேகமும்

10 கிராம் குண்டு வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்போம்.

இயக்க ஆற்றல் = ½ × 0.01 × 800² = 3,200 ஜூல்
உந்தம் = 0.01 × 800 = 8 கி.கி. மீ/வி

12 கிராம் குண்டு 730 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஏறத்தாழ அதேதான். உந்தமோ 8.76 ஆகக் கூடுகிறது. ஆனால் 200 மீட்டர் தூரத்தைக் கடப்பதற்குள், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், முதல் குண்டு சுமார் 31 செ.மீ. கீழிறங்கும், இரண்டாவது சுமார் 37 செ.மீ. இறங்கும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்கிறோம்.

வடிவமும் சுழற்சியும்

நீண்ட கூர்முனைக் குண்டு காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும். ஆனால் சுழலாவிட்டால் குப்புறப் புரண்டுவிடும். அதனால்தான் ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதும் இதே விதியால்தான்.

விரியும் குண்டு

கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் விரியும் குண்டுகள் செய்யப்பட்டன. உடலில் பட்டதும் முனை மலர்ந்து பெருங்காயம் உண்டாக்கியதால், 1899 ஹேக் பிரகடனம் போரில் அவற்றைத் தடை செய்தது. வேட்டையில் நிலைமை நேர்மாறு. விரியாத குண்டு விலங்கைத் துளைத்து வெளியேறும். காயமுற்ற விலங்கு நெடுநேரம் துடிக்கும். அப்பால் நிற்கும் மனிதருக்கும் ஆபத்து. விரியும் குண்டு தன் ஆற்றலில் பெரும்பகுதியை விலங்கின் உடலிலேயே செலவிடுகிறது.

ஈயமா, செம்பா?

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம், செம்புக்குச் சுமார் 9 கிராம். ஆகவே ஒரே எடையுள்ள செம்புக் குண்டு அதிக நீளமாக இருக்கும். அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். ஆனால் ஈயம் நஞ்சு. குண்டு சிதறும்போது அதன் நுண்துகள்கள் இறைச்சியில் கலக்கின்றன. வேட்டைக் கழிவுகளைத் தின்ற காண்டோர் கழுகுகள் கலிபோர்னியாவில் ஈய நஞ்சால் மடிந்தன. 2019 ஜூலை முதல் அங்கு வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. நம் கடலோரத்தில் வட்டமிடும் செம்பருந்தும் செத்த உயிர்களைத் தின்னும் பறவைதான்.

செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியைத் தோட்டப்புற மாணவர்கள் அறிவீர்கள். அதற்காக யாரும் துப்பாக்கி தூக்கிவிட முடியாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். தோட்டத்தில் வெடிக்காத தோட்டா கிடந்தால் தொடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

சிந்தியுங்கள்

1. 4 கிலோ ரைபிள் 10 கிராம் குண்டைச் சுடும்போது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும் (வெடிவாயுவைக் கணக்கில் சேர்க்கவில்லை). 12 கிராம் குண்டுக்கு எவ்வளவு?
2. ஆற்றல் சமமாக இருந்தும் உந்தம் ஏன் வேறுபடுகிறது?