திருட்டு அலாரம் அடித்தால் முதலில் யார் போவது?

கேள்வி: அமெரிக்காவில் வீட்டுத் திருட்டு அலாரம் தவறுதலாக அடித்தால் வீட்டுக்காரருக்கே அபராதம் போடுகிறார்களாமே? சில ஊர்களில் அலாரம் அடித்தாலும் போலீஸ் வராதாம். காவல் துறை கடமையைத் தட்டிக்கழிக்கும் இந்த விதி எப்படி வந்தது?

பதில்: அலாரம் அடித்தால் போலீஸ் ஓடி வரும் என்பதுதான் இடையில் வந்த வழக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்து அகஸ்டஸ் போப் 1853-இல் மின்சாரத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் வீட்டுக்குள் மணி அடிக்கும், அவ்வளவுதான். அந்த உரிமையை 1857-இல் எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கினார். பிறகு நியூயார்க்கில் அதைத் தொழிலாக வளர்த்தார். வீடுகளிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் கம்பி இழுத்து ஒரே அலுவலகத்தில் சேர்த்ததுதான் பெரிய மாற்றம். அங்கே மணி அடித்தால் கம்பெனியின் ஆள் புறப்பட்டுப் போய்ப் பார்ப்பார். சந்தாதாரர் கொடுத்த பணம் மணிக்கு மட்டுமல்ல, போய்ப் பார்க்கும் ஆளுக்கும் சேர்த்துத்தான். 

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருவிகள் மலிந்தன. தொலைபேசி வழியாகவே அலாரத்தைக் கண்காணிக்க முடிந்தது. அதோடு கண்காணிப்பு நிலையங்களும் பெருகின. ஆனால் பல கம்பெனிகளின் சேவையில் ஆள் அனுப்பும் பகுதி மட்டும் காணாமல் போனது. அலாரம் அடித்தால் போலீசுக்கு ஒரு போன் செய்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. இதன் விளைவை அமெரிக்க நீதித் துறைக்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு வழிகாட்டி கணக்கிட்டது. 2000-ஆம் ஆண்டில் சுமார் 3.6 கோடி அலாரங்களுக்குப் போலீஸ் போயிருக்கிறது. செலவு 180 கோடி டாலர். அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய். ஒவ்வொன்றுக்கும் பொதுவாக இரண்டு காவலர்கள், இருபது நிமிடம். காரணங்களோ மிகச் சாதாரணமானவை: ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்துவது, சரியாகச் சாத்தாத கதவு, வளர்ப்பு நாய், தீர்ந்துபோகும் பேட்டரி. அலாரம் வைத்திருப்பவர் சிலர், அதை விற்று லாபம் பார்ப்பவர் அதிலும் சிலர். செலவு மட்டும் அலாரமே இல்லாத வாடகை வீட்டுக்காரர் வரை எல்லார் தலையிலும் விழுந்தது.

நகர மன்றங்கள் முதலில் எடுத்த ஆயுதம் அபராதம். அலாரத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆண்டில் ஓரிரு பொய் அழைப்புகளைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் தடவைக்குத் தடவை தொகை ஏறும். இது ஓரளவு பலன் தந்தது. ஆனால் அபராதம் பணத்தைத்தான் திருப்பித் தரும், வீணான காவலரின் நேரத்தை அல்ல. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி 2000 டிசம்பரில் வேறு வழியில் போனது. தனியார் காவலாளியோ நேரில் பார்த்தவரோ உறுதிசெய்தால்தான் திருட்டு அலாரத்துக்குப் போலீஸ் வரும் என்று நகரச் சட்டமே இயற்றியது. உயிருக்கு ஆபத்து என்று மனிதர் தாமே அழுத்தும் பொத்தானுக்கு இந்த நிபந்தனை இல்லை. அதற்கு உடனே வருவார்கள். அலாரத்துக்காகப் போலீஸ் போவது சுமார் 90 சதவீதம் குறைந்தது. ஹோம்ஸ் காலத்தில் கம்பெனி செய்த வேலை கம்பெனிக்கே திரும்பிப் போனது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

வரி கட்டுகிறோமே, போலீஸ் வரக் கூடாதா என்று கேட்பார்கள். குற்றம் நடந்தால் கட்டாயம் வர வேண்டும். ஒரு கருவி அசைவை உணர்ந்தது என்பது குற்றம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது. உறுதிசெய்யும் நேரத்தில் திருடன் தப்பிவிடுவானே என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஆனால் நூற்றில் தொண்ணூற்றைந்து பொய் என்று தெரிந்த அழைப்பை எந்தக் காவல் துறையும் முதல் வரிசையில் வைப்பதில்லை. பழைய முறையிலும் அவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். கண்ணால் பார்த்தவர் சொல்லும் செய்திக்கு வேகமே வேறு. காவலாளிக்குத் தனியாகப் பணம் கட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்கு நியாயமாகப் படும் எதிர்ப்பு. லாஸ் ஏஞ்சல்ஸில் 2003-இல் இதே விதியைக் கொண்டுவர முயன்றபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில், ஓர் ஆண்டில் இரண்டு பொய் அலாரம் வரை பொறுத்து, பிறகே உறுதி கேட்பது என்று சமரசம் செய்தார்கள். பிரிட்டனின் வழி எனக்கு இன்னும் பிடிக்கிறது. அங்கே போலீஸ் வர வேண்டிய அலாரத்துக்குக் காவல் துறையின் பதிவு எண் வேண்டும். ஒரே சென்சாரின் பேச்சை மட்டும் நம்பாமல் இன்னொன்றும் உறுதிசெய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று பொய் அழைப்பு வந்தால் போலீஸ் வருவதையே நிறுத்திவிடுவார்கள். ஏழைக்குக் கூடுதல் ஆள் செலவு வைக்காமல், நல்ல கருவி பொருத்தும் பொறுப்பை விற்பவர் மேல் சுமத்தும் முறை இது. இப்போது கேமரா மலிந்துவிட்டதால், உறுதிசெய்யும் செலவும் முன்போல் இல்லை.

ஆகவே இது கடமையைத் தட்டிக்கழிக்கும் விதி அல்ல. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அலாரத்தை நிறுத்தும் எண்ணையும், கண்காணிப்பு நிலையத்திலிருந்து போன் வந்தால் சொல்ல வேண்டிய அடையாளச் சொல்லையும் போன அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.