திராட்சைக் கொடி ஏன் காய்ப்பதில்லை?

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், "வீட்டில் திராட்சை வைத்து நான்கு வருடம் ஆகிறது. பந்தல் நிறைய இலை, ஒரு கொத்துக்கூட இல்லை. வெட்டிவிடலாமா?" என்று கேட்டார். நாசிக்கில் குடியேறிய நம்மவர் பலர் வீட்டிலும் இதே கதைதான். எங்கள் வீட்டு தாம்சன் கொடியும் மூன்று வருடம் இப்படித்தான் இருந்தது. அந்த இடத்தில் முருங்கை வைப்பதென்று என் மனைவி முடிவே செய்துவிட்டாள். வெட்டுவதற்கு முன் நிபாட் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். கொடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏப்ரலில் என்ன செய்தீர்கள்?"

கோடையாயிற்றே என்று தினமும் தண்ணீர் விட்டேன், சாண எருவும் தாராளமாகப் போட்டேன். தவறு அங்கேதான் இருந்தது.

குளிர் நாடுகளில் திராட்சை இலையுதிர்த்து உறங்கும். வருடத்துக்கு ஒரு கவாத்து போதும். இங்கே அந்த உறக்கம் இல்லாததால் இரண்டு கவாத்து. ஏப்ரலில் செய்வதை மராட்டியில் 'கரட் சாட்டணி' என்கிறார்கள், அக்டோபரில் செய்வதை 'கோடி சாட்டணி' என்கிறார்கள். (முதலில் என் காதில் சட்னி என்றே விழுந்தது.) 'கோட்' என்றால் இனிப்பு, இரண்டாவது கவாத்துக்குப் பின்தான் பழம் வரும். ஆனால் அந்தப் பழம் உருவாவது முதல் கவாத்துக்குப் பிறகு.

ஏப்ரலில் பழைய கிளைகளை அடியில் ஒன்றிரண்டு கணு மட்டும் விட்டு வெட்டவேண்டும். புதுத் தளிர் வரும். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 40 நாள் முதல் 60, 70 நாள் வரை, ஒவ்வொரு கணுவிலும் உள்ள மொட்டுக்குள் ஒரு சிறு முளை உண்டாகிறது. அது பூங்கொத்தாகவும் மாறலாம், கொடி பற்றிப் படரும் சுருளாகவும் மாறலாம். மொட்டின் மேல் வெயில் பட்டு, தண்ணீரும் தழைச்சத்தும் அளவோடு இருந்தால் கொத்து. நிழலும் தண்ணீரும் எருவும் மிகுந்து கொடி கொழுத்தால் சுருள். நான் மூன்று வருடமாகச் சுருள்தான் வளர்த்திருக்கிறேன்! ஆகவே மே, ஜூனில் நெருக்கமான தளிர்களைக் கிள்ளிவிட்டு, பந்தலுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெயில் விழும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இலை வாடாத அளவுக்குத் தண்ணீர் போதும்.

மாதுளைக்கும் ஏறத்தாழ இப்படித்தான். பூக்க வைப்பதற்காக ஒன்றிரண்டு மாதம் தண்ணீரை நிறுத்தி, பிறகு விடுகிறார்கள். அந்தப் பூப்பருவத்துக்கு இங்கே 'பஹார்' என்று பெயர்.

பெருந்தோட்டங்களில் கொடியின் வேகத்தை அடக்கக் குளோர்மெக்வாட் என்ற மருந்தை இதே பருவத்தில் தெளித்தார்கள். அடுத்த பருவத்துப் பழத்திலும் அதன் எச்சம் இருந்தது. 2010இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சைச் சரக்குகள் இதனால் மறுக்கப்பட்டு, ஏற்றுமதியாளர்களும் விவசாயிகளும் பெரும் நஷ்டப்பட்டார்கள். வீட்டில் குழந்தைகள் கொடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடுவார்கள். நமக்குக் கத்தரிக்கோலும் விரல் நகமும் போதும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடையாகும். அந்த நினைப்பில் இங்கே தேதியைத் தள்ளிப்போடவோ முன்னால் இழுக்கவோ கூடாது. நான் ஏப்ரல் கவாத்தைச் சரியாகச் செய்த வருடம், ஆசை பொறுக்காமல் செப்டம்பர் முதல் வாரத்திலேயே இரண்டாவது கவாத்தையும் செய்துவிட்டேன். கொத்து கொத்தாகப் பூ வந்தது. மழை நிற்கவில்லை. அடிச்சாம்பல் நோய் பத்தே நாளில் அத்தனையையும் கருக்கிவிட்டது. கொத்து வருவதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டதால், முருங்கைப் பேச்சு மட்டும் நின்றது.

மழை ஓய்ந்தபின், அக்டோபரில், முற்றிப் பழுப்பேறிய கிளைகளில் ஆறு முதல் எட்டுக் கணு விட்டு வெட்டுங்கள். அதன் பின் முதல் ஒன்றரை மாதம்தான் கண்டம். இலையின் மேலே எண்ணெய்ப் புள்ளி, அடியில் வெள்ளைப் பூஞ்சு என்றால் அடிச்சாம்பல், இங்கே 'கேவடா'. இரண்டு பக்கமும் விபூதி பூசியது போலிருந்தால் சாம்பல் நோய், இங்கே 'பூரி'. (தின்னும் பூரி அல்ல.) பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறுமுன் தெளிக்கவேண்டும். முன்னதற்குப் போர்டோ கலவை. மயில்துத்தம் 10 கிராமை அரை லிட்டரிலும், சுண்ணாம்பு 10 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கவேண்டும். பிளாஸ்டிக் வாளிதான் உகந்தது. பளபளக்கும் இரும்புக் கத்தியை முக்கினால் செம்புப் படிவு ஏறக்கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. இளந்தளிருக்கு இரண்டிலும் பாதி அளவு போதும். அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மயில்துத்தத்துக்குக் கடையில் 'மோர்சூத்' என்று கேளுங்கள். அந்தப் பெயரிலும் மயில் இருக்கிறது.

ஆலங்கட்டிக்கு மருந்தில்லை. 2023 நவம்பர் 26 அன்று நிபாட் வட்டாரத்தில் பெய்ததில் எத்தனையோ தோட்டங்கள் ஒரே நாளில் போயின.

ஒரு தளிருக்கு ஒரு கொத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். என் மனைவி அந்த வேலையை நான் வெளியே போயிருக்கும்போது செய்துவிடுவாள். குளிரிலும் பறவைகளிடமிருந்தும் காக்கக் கொத்துக்குக் காகிதம் சுற்றுவது வழக்கம். (பழைய சங்க இதழ்களைச் சுற்றியதை ஆசிரியரிடம் யாரும் சொல்லவேண்டாம்.)

பிப்ரவரியில் நிறத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள். மாங்காய்போல் திராட்சையைப் பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது. கொத்தின் அடி நுனியில் தொங்குவதுதான் கடைசியில் பழுக்கும். அதில் ஒன்றைத் தின்று பாருங்கள். புளித்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.