ரோபோ பொம்மை அசலா, நகலா? வாங்கும் முன் கண்டறிவது எப்படி?

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசை வாங்குபவர், ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவத்தையும் மறுபக்கம் "விஜய" என்ற எழுத்தையும் நன்றாகப் பார்த்த பின்னரே விலை பேசுவார். இணையத்தில் வாங்கும்போது பொருள் கையில் இருக்காது; படம் மட்டுமே இருக்கும். அந்தப் படத்தைப் புரட்டிப் பார்க்க உங்கள் கம்ப்யூட்டர் உதவும்.

சென்ற விடுமுறையில் ஆலங்குடிக்கு வந்திருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். டிரான்ஸ்பார்மர்ஸ் கதையின் நாயகன் ஆப்டிமஸ் பிரைம், மாடல் எம்பி-10, "ஒரிஜினல்", விலை ரூ.4,500. "மாமா, இன்னைக்கு ராத்திரிக்குள்ள பணம் அனுப்பினாத்தான் இந்த விலையாம்" என்றான். இரண்டு வருட உண்டியல் பணம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பொம்மைக்கு ரூ.6,000 கொடுத்து நகலை வாங்கி ஏமாந்தவன் நான். எனவே இருவரும் உட்கார்ந்து சோதித்தோம். அந்த வழிகளை இங்கே தருகிறேன்.

1. பொருளை அறிந்து கொள்ளுங்கள்

ஜப்பானின் டகாரா நிறுவனம் தயாரித்து வந்த உருமாறும் ரோபோ பொம்மைகளை, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-ல் டிரான்ஸ்பார்மர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. ஆப்டிமஸ் பிரைமுக்கு ஜப்பானில் கான்வாய் என்று பெயர். எனவே இரண்டு பெயர்களிலும் தேடிப் பார்க்க வேண்டும். டகாரா 2006-ல் டோமி நிறுவனத்துடன் இணைந்து டகாரா டோமி ஆனது. சேகரிப்பவர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசை 2003-ல் தொடங்கியது. எம்பி-10 அந்த வரிசையில் 2011-ல் வந்தது. இதனுடன் டிரெய்லர், துப்பாக்கி, கோடரி, ரோலர் என்னும் சிறு வண்டி, நெஞ்சுக்குள் வைக்கும் மேட்ரிக்ஸ் ஆகியவை உண்டு. ஒன்று குறைந்தாலும் மதிப்பு குறையும்.

2. படம் யாருடையது?

விளம்பரப் படத்தின் மீது ரைட் கிளிக் செய்திடவும். குரோம் பிரவுசர் எனில் கிடைக்கும் மெனுவில் கூகுள் லென்ஸ் மூலம் தேடும் வசதி இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தால், அதே படம் வேறு எந்தத் தளங்களில் உள்ளது என்று காட்டப்படும். நாங்கள் தேடிய படம் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஏற்கெனவே இருந்தது. அடுத்தவர் படத்தைப் போட்டிருப்பவரிடம் பொருள் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

3. பெரிதாக்கி ஒப்பிடுங்கள்

அசல் பொம்மையின் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அந்த விண்டோவில் இருந்தபடி விண்டோஸ் கீயுடன் இடது அம்புக்குறியை அழுத்தவும். அது திரையின் இடப்பக்கம் அமரும். விளம்பரத்தை வலப்பக்கம் அமர்த்தவும். பின்னர் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும். அச்சு மங்கியுள்ளதா, நிறம் வேறுபடுகிறதா, பெட்டியில் எழுத்துப் பிழை உள்ளதா என்று பாருங்கள். அளவையும் கேளுங்கள். அசலைவிடப் பெரிதாகச் செய்யப்பட்ட நகல்களும் விற்பனையில் உள்ளன.

4. முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்

பிளாஸ்டிக்கில் உள்ள ஆண்டு, உரிமை பதிந்த ஆண்டாக இருக்கலாம். தயாரித்த ஆண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1984 பொம்மை, 2000-ல் ஜப்பானிலும் 2002-ல் அமெரிக்காவிலும் மறுபடி வெளியிடப்பட்டது. "1980-களின் அசல்" என்று விற்கப்படுவது மறுவெளியீடாக இருக்கலாம். போலிகளைத் தடுக்க 1985-ல், விரலால் தேய்த்தால் சின்னம் தெரியும் ஸ்டிக்கரை ஒட்டத் தொடங்கினார்கள். ஆனால் 1984-ல் வந்தவற்றில் இது இருக்காது. ஸ்டிக்கர் இல்லை என்பதற்காகவே ஒன்றைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

5. கேட்கும் விலை, விற்ற விலை

யார் வேண்டுமானாலும் எந்த விலையும் கேட்கலாம். உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதே மதிப்பு. இபே தளத்தில் தேடியபின், விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் கட்டத்தில் டிக் செய்திடவும். எக்செல் பைலில் பெட்டி பிரிக்காதது, பிரித்தாலும் முழுமையாக உள்ளது, பாகம் குறைந்தது என மூன்று பத்திகளில் விலைகளை எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதானால் தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிக் கொள்ளுங்கள். வழக்கமான விலையைவிட மிகக் குறைவாகக் கேட்டால் அதிர்ஷ்டம் என்று மகிழாமல் காரணம் தேடுங்கள்.

6. ஒரு துண்டுச் சீட்டுச் சோதனை

இன்றைய தேதியை எழுதிய சீட்டைப் பொம்மை அருகில் வைத்து, முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருளை வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. எங்கள் விற்பனையாளர் போட்டோ அனுப்பவில்லை. "முதலில் முழுப் பணத்தையும் யுபிஐ-யில் அனுப்புங்கள்" என்றார். அத்துடன் பேச்சை முடித்துக் கொண்டோம். தளத்திற்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால், தளம் தரும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யவும்.

குழந்தை விளையாடவா?

அப்படியானால் பார்க்க வேண்டியது வேறு. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை மொபைலில் பிஐஎஸ் கேர் செயலியில் கொடுத்தால், அந்த உரிமம் உண்மையானதா என்று தெரியும். மலிவான நகலின் பெயின்ட்டில் என்ன கலந்திருக்கிறது என்பதை எந்தப் போட்டோவும் காட்டாது.

மறுநாள் புதுக்கோட்டைக் கடை ஒன்றில் முத்திரையுள்ள சிறிய ரோபோ ஒன்றை வாங்கினோம். உண்டியலில் மீதிப் பணம் இருக்கிறது. எம்பி-10 விலைகளை இப்போது அவனே எக்செல் பைலில் எழுதி வருகிறான்.

நீங்களும் இன்று ஏதேனும் ஒரு விற்பனை விளம்பரத்தை எடுத்து, இரண்டாவது வழியை மட்டுமாவது செய்து பாருங்கள். வாங்கும் எண்ணம் இல்லாத நாளில் பழகிக் கொண்டால், வாங்கத் துடிக்கும் நாளில் கை தானாகவே அதைச் செய்யும்.